துப்பாக்கி வாங்கப் போனால் யாரைக் கேட்பார்கள்?

8 ஜூன் 2024 (வாசகர் ஒருவர் கேட்டது)

"அமெரிக்காவில் கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குவதுபோலத் துப்பாக்கி வாங்கலாம். நம் நாட்டில் மந்திரி சிபாரிசு இருந்தால்தான் கிடைக்கும். சுவிட்சர்லாந்தில் அரசே வீட்டுக்கு வீடு கொடுக்கிறது, ஆனாலும் அங்கே ஒரு வெட்டுக்குத்து இல்லை. அப்படியானால் சட்டத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதானே அர்த்தம்? உங்களிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். சொல்லுங்கள்."

9 ஜூன் 2024

இருக்கிறது. ஆனால் இப்போது கையில் இல்லை. மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்தார்கள். அடுத்த வாரமே ஸ்டேஷனிலிருந்து போன். தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ஆம் தேதியே முடிந்துவிட்டது. நாளைக்குப் போய் வாங்கி வர வேண்டும்.

அப்பா 1984-இல் வாங்கிய ஒற்றைக் குழல், 12 போர் (குழலின் அளவு). தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்குத் தென்னையும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. கிழங்கு பருக்கத் தொடங்கியதும் ராத்திரி பன்றிக் கூட்டம் இறங்கும். ஏர் ஓட்டிய மாதிரி உழுதுவிட்டுப் போகும். அதற்காக வாங்கியது. அப்பா 2011-இல் இறந்தபின் லைசென்ஸை என் பேருக்கு மாற்ற இரண்டு வருஷம் ஆனது. மந்திரி யாரும் தேவைப்படவில்லை, செருப்புத்தான் தேய்ந்தது. கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது தாசில்தார், ஆர்.டி.ஓ., வனத்துறை, போலீஸ் என்று ஊர்வலம் போகும். எந்த மேசையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி உத்தியோகம்.

போலீஸ் விசாரணைக்கு ஒருவர் வந்தார். வீட்டுக்கு வரவில்லை. தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஆள் எப்படி?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "தங்கமான ஆளு சார்" என்றார் கடைக்காரர். விசாரணை முடிந்தது. ஒரு டீ, இரண்டு வடை என் கணக்கில்.

நாற்பது வருஷமாக அந்தத் துப்பாக்கியால் ஒரு சம்பவம் கிடையாது. பன்றிகூடச் சாகவில்லை. பன்றியைச் சுட வனத்துறை அனுமதி தனியாக வேண்டும், எனவே வானத்தைப் பார்த்துத்தான் சுடுவது. பயிரைக் காக்க லைசென்ஸ் உண்டு, பயிரைத் தின்பதைச் சுட லைசென்ஸ் இல்லை.

மற்ற நாடுகளைப் பற்றி நாளை, மறுநாள் எழுதுகிறேன்.

9 ஜூன், இரவு

ரசீதை எடுத்துப் பார்த்தேன். துப்பாக்கி எண்ணின் கடைசி இலக்கம் 3-க்குப் பதில் 8 என்று எழுதியிருக்கிறது. மூன்று மாதமாக யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

11 ஜூன் 2024

ரசீது கதை அப்புறம். அமெரிக்கா.

கத்தரிக்காய் என்பது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை. ஒரு காலத்தில் கத்தரிக்காயைவிடச் சுலபமாக இருந்தது. கென்னடியைக் கொன்ற ரைஃபிள் பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்தது. விலை 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. கொடுத்த பேர் கள்ளப் பேர். கென்னடிக்குப் பின் மார்ட்டின் லூதர் கிங்கும் கென்னடியின் தம்பியும் சுடப்பட்ட பிறகுதான் 1968-இல் சட்டம் போட்டுத் தபால் விற்பனையை நிறுத்தினார்கள்.

இப்போது லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கினால் 4473 என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீண்ட குழல் என்றால் 18 வயது, கைத்துப்பாக்கி என்றால் 21. உன் மேல் பெரிய குற்ற வழக்கு உண்டா, போதைப் பழக்கம் உண்டா, கோர்ட் உன்னை மனநலம் சரியில்லாதவர் என்று சொல்லியிருக்கிறதா, இப்படிப் போகும் கேள்விகள். உண்டு, இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் கணினிப் பதிவில் பேரைக் கொடுத்துப் பார்ப்பார். 1993-இல் வந்த பிராடி சட்டத்தின்படி, 1998 நவம்பரிலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். இழுத்தால் 3 வேலை நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் "கூடாது" என்று வரவில்லையென்றால் கடைக்காரர் விற்கலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஜெபத்துக்கு வந்த 9 பேரைச் சுட்டவன் கைக்குத் துப்பாக்கி போனது இந்த வழியில்தான். 2022-க்குப் பிறகு 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பை 10 வேலை நாள்வரை நீட்டலாம்.

கடைக்காரராக இல்லாத ஒருவர் தன் துப்பாக்கியை அதே மாநிலத்தில் இன்னொருவருக்கு விற்றால் மத்திய சட்டப்படி அந்தச் சோதனையும் இல்லை. சில மாநிலங்கள் தாங்களாக வைத்திருக்கின்றன.

படிவத்தை இணையத்தில் இறக்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அதில் இல்லாத ஒரு கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது: "எதற்கு வாங்குகிறாய்?" எங்கள் ஊர் டீக்கடைக்காரர்கூட என்னிடம் அதைக் கேட்டார்.

12 ஜூன் 2024

மேலே உள்ளதை நான் எழுதிக்கொண்டிருந்த அதே ராத்திரி டெலவேரில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பைடனின் மகன் ஹண்டரை ஜூரி குற்றவாளி என்று சொல்லியிருக்கிறது. எதற்கு? 2018-இல் ஒரு ரிவால்வர் வாங்கும்போது இந்த 4473-இல் போதைப் பழக்கம் இல்லை என்று டிக் அடித்ததற்கு. படிவம் கேட்டது அவரை மட்டும்தான். அவர் சொன்ன பதில் கடைக்காரருக்கும் போதும், கணினிக்கும் போதும். பொய் என்று தெரிய ஆறு வருஷமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டிருக்கிறது. சாதாரண ஆளாக இருந்தால் அதுவும் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

13 ஜூன் 2024

டெக்சாஸில் இருக்கும் என் மச்சினன் இதைப் படித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தான். அவன் எச்1பி விசாவில் இருப்பவன். "மாமா, என்னையெல்லாம் அந்தச் சட்டம் சேர்க்காது" என்றான். சரிதான், தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்பது விதி. ஆனால் ஒரு விலக்கு உண்டு. மாநிலம் கொடுக்கும் வேட்டை லைசென்ஸ் காலாவதியாகாமல் கையில் இருந்தால் வாங்கலாம். டெக்சாஸில் அந்த லைசென்ஸ் வால்மார்ட்டிலேயே கிடைக்கும். அதை நான் சொன்னதும் இரண்டு வினாடி சத்தம் இல்லை. அப்புறம், "அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்றான்.

வேட்டைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, லைசென்ஸ் இருந்தால் போதும். இவன் வாழ்க்கையில் கோழி அறுப்பதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன்.

16 ஜூன் 2024

ஒரு திருத்தம். "இந்தியாவில் காரணம் சொன்னால்தான் லைசென்ஸ்" என்று ஒரு நண்பருக்குத் தனியாக எழுதியிருந்தேன், இங்கேயும் அதையே எழுத இருந்தேன். 1959 ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்ததில் அடிவாங்கினேன்.

13-ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரி வெட்டாத வழவழப்பான குழல் துப்பாக்கியை ஒரு குடிமகன் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் அதிகாரி லைசென்ஸ் "கொடுக்க வேண்டும்". மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்குக் கேட்டாலும் அப்படியே. மறுக்க 14-ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்று வேண்டும். அந்த 14-லேயே, சொத்து போதாது என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ரிவால்வர், பிஸ்டல், ரைஃபிள் இவற்றுக்குத்தான் "தக்க காரணம்" காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். 9 எம்.எம். மாதிரியானவை தடை செய்யப்பட்ட ரகம், டெல்லியில் உள்துறையைக் கேட்க வேண்டும்.

அதாவது காகிதத்தில் பார்த்தால் அப்பாவின் துப்பாக்கிக்கு நம் சட்டம் அமெரிக்காவுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. நடப்பில் கெடுபிடிக்குப் பேர்போன ஜப்பானுக்குக் கிட்டத்தில். நடுவில் இருப்பது அந்த மேசைகள். 2016 விதிகள் போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், முடிவுக்கு 60 நாள் என்று கெடு வைத்திருக்கின்றன. படித்துச் சிரித்தேன்.

ஏன் இப்படி? 1878-இல் லிட்டன் பிரபு போட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணி ஆக்கியது. காந்தியே அதை வெள்ளைக்காரன் செய்த கேடுகளில் மிகக் கறுப்பானது என்கிற அளவுக்குக் கடிந்து எழுதினார். சுதந்திரம் வந்தபின் எழுதிய சட்டம் அந்தக் கோபத்தோடு எழுதப்பட்டது, அதனால் வாசகம் தாராளம். கலெக்டர் அலுவலக நாற்காலி மட்டும் பழையது. 2019-இல் திருத்தம் வந்து ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானது, லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தானது. என்னுடையதை அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

17 ஜூன்

குடகைச் சேர்க்க மறந்துவிட்டேன் என்று ஒருவர் குட்டியிருக்கிறார். ஆமாம். கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டியது. எதிர்த்துப் போட்ட வழக்கு 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி. கைல்பொழுது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். நாம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

20 ஜூன் 2024

சுவிட்சர்லாந்து. வாசகரின் கேள்வியில் பெரிய கல் இதுதான், எல்லோரும் இதைத்தான் எறிகிறார்கள்.

"வீட்டுக்கு வீடு" என்பது பழைய பெருமை. 2018-இல் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு போட்ட கணக்கில் 100 பேருக்கு அமெரிக்காவில் 120 துப்பாக்கி, சுவிட்சர்லாந்தில் 28-க்குப் பக்கம், இந்தியாவில் 5, ஜப்பானில் 0.3. இந்தியாவின் 5-இல் பெரும்பங்கு லைசென்ஸ் இல்லாதது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அரசு கொடுக்கிறது என்பது ராணுவத் துப்பாக்கி. அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பணி, பணிக் காலத்தில் ரைஃபிளை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். முன்பு சீல் வைத்த பெட்டியில் தோட்டாவும் கொடுத்தார்கள், 2007-இல் அதை நிறுத்திவிட்டார்கள். பணி முடிந்தபின் ரைஃபிள் வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். கடையில் கைத்துப்பாக்கி வாங்கவும் கான்டன் (அங்கே மாநிலத்துக்கு அந்தப் பேர்) நிர்வாகத்தின் சீட்டு வேண்டும், தெரிந்தவரிடம் வாங்கினாலும் அதே. சில வேட்டைத் துப்பாக்கிகளுக்கு மட்டும் எழுத்து ஒப்பந்தம் போதும். 2019 மே மாதம் ஐரோப்பிய விதிக்கு ஏற்ப இறுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 63.7 சதவீதம் பேர் இறுக்கச் சொன்னார்கள். துப்பாக்கி நாடு என்று நாம் சொல்கிற நாடு.

"வெட்டுக்குத்து இல்லை" என்பதில் தற்கொலையை விட்டுவிட்டார் வாசகர். 2003-இல் ராணுவத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்குப் பின் ராணுவ வயது ஆண்களிடையே துப்பாக்கித் தற்கொலை குறைந்தது, அதில் பெரும்பகுதி வேறு வழிக்கும் மாறவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

இன்னொன்று, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது. சில நாட்டுக் குடிமக்கள் அங்கே துப்பாக்கி வாங்கவே கூடாது என்று விதியில் பட்டியல் இருக்கிறது. செர்பியா, கொசோவோ, துருக்கி, அல்பேனியா, அல்ஜீரியா என்று போகும் அந்த வரிசையில் இலங்கையும் உண்டு.

24 ஜூன் 2024

பெர்னில் இருக்கும் நண்பருக்கு இதை அனுப்பியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், 1980-களில் போனவர், சுவிஸ் குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. குடியுரிமை வந்த மறுநாளே பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களே, ஒன்று வாங்க வேண்டியதுதானே என்று சீண்டியிருந்தேன். பதில் ஒரே வரி (துவக்கு என்றால் துப்பாக்கி, காணும் என்றால் போதும்):

"துவக்குச் சத்தம் காணும் எண்டுதானே இஞ்ச வந்தனாங்கள், அதை வேறை காசு குடுத்து வாங்கவோ?"

அதற்குமேல் சீண்ட மனம் வரவில்லை.

27 ஜூன் 2024

ஜப்பான் பற்றிக் கேட்டவருக்கு.

பொதுஜனத்துக்குக் கைத்துப்பாக்கி கிடையாது, போட்டிக்குச் சுடும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர. பறவைத் துப்பாக்கி (ஷாட்கன்) வேண்டுமென்றால் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். டாக்டர் சான்று. போலீஸ் நேர்காணல். சுடும் களத்தில் செய்முறைத் தேர்வு. வீட்டில் பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி வேறு இடத்தில். போலீஸ் வந்து பார்க்கும். தோட்டா வாங்கவும் சீட்டு, எத்தனை சுட்டாய் என்று கணக்கு. வருஷா வருஷம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ரைஃபிள் ஆசை இருந்தால் பறவைத் துப்பாக்கியைப் பத்து வருஷம் ஒழுங்காக வைத்திருந்து காட்டு என்பார்கள்.

இவ்வளவிலும் எனக்குப் பிடித்தது அக்கம்பக்க விசாரணை. வீட்டு ஆட்கள், பக்கத்து வீடு, வேலை செய்யும் இடம். சண்டை போடுவாரா, கடன் தொல்லையா, குடியா? நம் ஊரிலும் சட்டப்படி இதுதான் நடக்க வேண்டும். இங்கே பக்கத்து வீடு என்பது டீக்கடை.

28 ஜூன்

"அப்படியிருந்தும் முன்னாள் பிரதமர் அபேயைச் சுட்டார்களே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2022 ஜூலை 8, நாரா. ஆமாம். சுட்டவன் குழாயையும் பலகையையும் டேப்பால் சுற்றித் தானே செய்துகொண்டான். ஏனென்றால் கடையில் வாங்க முடியவில்லை. இதைச் சட்டத்தின் தோல்வி என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரும் அவனுக்கு விற்கவில்லை.

3 ஜூலை 2024

ரசீது. மூன்றாவது முறையாக ஸ்டேஷனுக்குப் போனேன். லைசென்ஸ் புத்தகத்தில் 3, ரசீதில் 8, துப்பாக்கியில் 3. ரசீது எழுதியவர் மாறுதலாகிப் போய்விட்டார். "8 போட்ட துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் வந்தால் என்ன சார் பதில் சொல்றது?" என்று எழுத்தர் கேட்டார். அவரும் நானே என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே ரேக்கில் சாய்த்து வைத்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கட்டையில் அப்பா கீறிய ஒரு கோடு உண்டு, அதை வைத்து அடையாளம் தெரிந்தது. குழலில் துரு.

பஸ்ஸில் திரும்பும்போது நியூசிலாந்து பற்றிப் படித்தேன். 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் செத்தார்கள். 26 நாளில் சட்டம், நாடாளுமன்றத்தில் 119-க்கு 1. ஒன்று சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறும் ராணுவ ரகங்களைத் தடை செய்து காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்தபின் ஆஸ்திரேலியா 12 நாளில் மாநிலங்களையெல்லாம் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டது. 6 லட்சத்து 50 ஆயிரம் துப்பாக்கிக்குப் பக்கமாகத் திரும்ப வந்தன. அங்கே "என் பாதுகாப்புக்கு" என்பது காரணமாக ஏற்கப்படுவதில்லை. நம் 13-ஆம் பிரிவுக்கு நேர் எதிர்.

ஆனால் நான் நிறுத்தி இரண்டு முறை படித்தது வேறு பக்கம். கிறைஸ்ட்சர்ச்சில் சுட்டவன் 2017-இல் முறையாக லைசென்ஸ் வாங்கியவன். நியூசிலாந்தில் விண்ணப்பித்தவரின் நெருங்கிய உறவினர் ஒருவரைப் போலீஸ் நேரில் பார்த்துப் பேச வேண்டும். இவனுடைய சகோதரி வேறு நாட்டில் இருந்ததால் அவளை விட்டுவிட்டு, இணைய விளையாட்டில் பழக்கமான ஒரு நண்பரையும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரையும் கேட்டிருக்கிறார்கள். 2020-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை சொல்கிறது.

தங்கமான ஆளு சார்.

16 ஜூலை 2024

பென்சில்வேனியாவில் டிரம்ப் மேல் சுட்ட 20 வயதுப் பையனின் ரைஃபிள் அவன் அப்பா சட்டப்படி வாங்கியது என்று செய்தி. இந்த இழையில் இதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம், ஏற்கெனவே இரண்டு பேர் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ஒன்று: வாங்கியவரைத்தான் சட்டம் கேட்டது, வீட்டில் இன்னொருவர் இருந்தார்.

20 ஜூலை 2024

கனடா. டொராண்டோவில் இவ்வளவு தமிழர்கள் இருந்தும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அங்கே துப்பாக்கி லைசென்ஸ் மனுவில் மனைவியோ கணவனோ கையெழுத்துப் போடும் இடம் இருக்கிறது. இப்போது சேர்ந்து வாழ்கிறவர் மட்டுமில்லை, கடந்த இரண்டு வருஷத்துக்குள் பிரிந்தவரும் கணக்கில் வருவார். கையெழுத்து இல்லையென்றால் மனு தானாகச் செத்துவிடாது. ஆனால் அதிகாரி அவர்களுக்குத் தகவல் சொல்லியே தீர வேண்டும். பயம் இருந்தால் அவர்கள் பேசலாம். முதல் முறை கேட்பவருக்கு 28 நாள் காத்திருப்பும் உண்டு. கைத்துப்பாக்கி விற்பனையை 2022 அக்டோபரில் உறையவைத்துவிட்டார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் போன மாதம் 21-ஆம் தேதி 8-க்கு 1 என்று ஒரு தீர்ப்பு சொன்னது. வீட்டு வன்முறைக்காகக் கோர்ட் தடை உத்தரவு போட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைப்பது சரிதான் என்று. நல்லது. ஆனால் அங்கே அடி விழுந்து, கோர்ட் ஏறி, உத்தரவு வந்தபின். கனடாக்காரன் விற்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரியைக் கேட்டுவிடுகிறான்.

இதையெல்லாம் என் மனைவியிடம் வாசித்துக் காட்டி, சும்மா ஒரு பேச்சுக்கு, "நீயா இருந்தா போட்டிருப்பியா?" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"2013-ல கேட்டிருந்தாப் போட்டிருப்பேங்க. கிணத்து முறை சண்டை அன்னைக்கு ராத்திரி வந்து கேட்டிருந்தாப் போட்டிருக்க மாட்டேன்."

21 ஜூலை 2024, விடியற்காலை

முதல் குறிப்பில் நாற்பது வருஷத்தில் ஒரு சம்பவம் கிடையாது என்று எழுதினேன். அதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் உண்மை இல்லை.

2017 கோடை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டம். எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் பொதுக் கிணறு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. எங்கள் முறையன்று அவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். வாய்ப்பேச்சு, அப்புறம் தள்ளுமுள்ளு. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது. நான் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். தோட்டா மேல் தட்டில் இருந்தது, ஒன்றைப் போட்டேன். வாசல்வரை வந்துவிட்டேன். இவள் திண்ணையில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, வழியையும் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் நான்தான் உள்ளே திரும்பினேன்.

யாருக்கும் தெரியாது. பங்காளிக்குத் தெரியாது, ஸ்டேஷனுக்குத் தெரியாது. டீக்கடைக்காரருக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பித்தேன். கேட்கப்பட்டவர் அதே டீக்கடைக்காரர். சொன்னது அதே பதில்.

இங்கிலாந்தில் 2021 ஆகஸ்டில் பிளிமத்தில் ஒருவன் ஐந்து பேரைக் கொன்றான். அதற்கு முன்பு ஒரு அடிதடியில் சிக்கியதால் போலீஸ் அவன் துப்பாக்கியையும் சான்றிதழையும் எடுத்து வைத்திருந்தது. ஜூலையில் திருப்பிக் கொடுத்தார்கள். இதைப் போன மாதமே படித்துக் குறித்து வைத்திருந்தேன். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது.

22 ஜூலை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "இதையெல்லாம் வெளியில் எழுதலாமா, லைசென்ஸ் போய்விடுமே" என்று அக்கறையாக எழுதியவர்களுக்கு: போகட்டும் என்று சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. அப்பா பொருள்.

4 ஆகஸ்ட் 2024

எண் பிரச்சினை தீர்ந்தது. 8-ஐச் சுழித்து 3 ஆக்கி ஓரத்தில் கையெழுத்து. இதற்கு எட்டு வாரம்.

துப்பாக்கியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேரே பஸ் ஏறி மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்கு வைத்துவிட்டேன். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, மாதக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரர் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எண்ணெய் போடாம விட்டுட்டாங்களே, நல்ல சாமான் சார்" என்றார். விற்கிறீர்களா என்றும் கேட்டார். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது சொல்கிறேன் என்றேன். ரசீதில் எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.

மனைவியிடம் ரசீதைக் கொடுத்தேன். அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

11 ஆகஸ்ட் 2024

மச்சினன் வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டானாம். துப்பாக்கி வாங்கவில்லை, "சும்மா இருக்கட்டும்னு" என்கிறான். அக்காவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன்.

முந்தாநாள் ராத்திரி பன்றி இறங்கியது. பெட்டிக்கடையில் மீந்து கிடந்த பழைய தீபாவளிச் சரக்கில் இரண்டு டப்பா அணுகுண்டு வாங்கி வைத்திருந்தேன். இரண்டு போட்டதும் ஓடிவிட்டன. பதினோரு மூடு மரவள்ளி நஷ்டம், துப்பாக்கி இருந்த காலத்திலும் இவ்வளவுதான் போகும். அணுகுண்டு விற்ற பையன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.